உயிர்வளியின் இருமுகம்

இதய அறுவை மருத்துவத்தின் வரலாறு, உயிர்வளியைப் பற்றி நாம் கற்ற பாடத்தின் வரலாறுமாகும்.

1953ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், குருதியோட்டத்தை இதய நுரையீரல் பொறிக்கு மாற்றி, ஓர் இளம்பெண்ணின் இதயத்திலிருந்த துளையை அடைத்தார். 1955இல் இங்கிலாந்தின் டெனிஸ் மெல்ரோஸ், பொட்டாசியம் சிட்ரேட்டைச் செலுத்தி இதயத்துடிப்பை நிறுத்தும் முறையை வெளியிட்டார். அதன் மிகைச் செறிவால் இதயத்தசை சிதைவுற்றது, முறை கைவிடப்பட்டது. செறிவு குறைக்கப்பட்டு 1970களில் அது மீண்டும் வழக்குக்கு வந்தது.

அக்காலத்தே ஒரு புதிரும் எழுந்தது. உயிர்வளி இழந்திருந்த எலியின் இதயத்திற்கு அதனைத் திடீரெனத் திருப்பியளித்தபோது, இதயம் தேறுவதற்கு மாறாக மேலும் சிதைவதை டேவிட் ஹெர்ஸ் குழுவினர் 1973இல் கண்டனர். தீங்கு விளைக்கவல்ல சூப்பர்ஆக்சைடை அடக்கும் நொதியை மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969இலேயே கண்டறிந்திருந்தனர். இவ்விரு செய்திகளும் இணைந்தபோது புதிருக்கு விளக்கம் கிட்டியது: மீளும் குருதியே வினைமிகு உயிர்வளி மூலக்கூறுகள் பெருக வழிசெய்கிறது.

பைபாஸ் அறுவையில் பெருந்தமனியின் இடுக்கியை அகற்றும் கணமும் இத்தகையதே. ஆகவே வைட்டமின் சி, வைட்டமின் ஈ, அலோபியூரினால் முதலியன நோயாளிகளிடம் ஆராயப்பட்டன. சில ஆய்வுகளில் குருதியிற் காணும் சிதைவின் அடையாளங்கள் குறைந்தன. ஆனால், உயிரிழப்பு குறைந்ததென்பது உறுதியாக நிறுவப்படவில்லை.

விளக்கம் எத்துணைப் பொருத்தமாயினும், நோயாளி நலமுற்றாரா என்பதே இறுதி உரைகல். மெல்ரோஸ் முறையின் வீழ்ச்சியும் மீட்சியும் மாணவர்க்கு உணர்த்துவதும் அதுவே.