கடைத்தெருக் கூட்டுச் சந்தைப்படுத்தல்

கடைத்தெருக் கூட்டுச் சந்தைப்படுத்தல் என்பது ஒரே பகுதியில் உள்ள சிறு வணிகர்கள், ஒருவரது வாடிக்கையாளர் மற்றவரது கடைக்கும் செல்லும் வகையில் கூடிச் செய்யும் விற்பனை மேம்பாட்டு முறை ஆகும். ஜப்பானில் ஷோடெங்காய் எனப்படும் கடைத்தெருக்களில் இம்முறை பல வடிவங்களில் வளர்ந்துள்ளது.

பின்னணி

ஷோடெங்காய்கள் பெரும்பாலும் தொடருந்து நிலையங்களை ஒட்டி அமைந்த, குடும்பக் கடைகள் நிறைந்த தெருக்கள் ஆகும். இவை சங்கங்களாகப் பதிவு பெறுவதற்கு 1962 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்தது. பேரங்காடிகளைக் கட்டுப்படுத்தி 1974 இல் நடைமுறைக்கு வந்த சட்டம் 2000 இல் நீக்கப்பட்டது. எனினும் அதற்கு முன்பே வாடிக்கையாளர் பலர் புறநகர் அங்காடிகளை நாடத் தொடங்கியிருந்தனர். கதவடைத்த கடைகள் மிகுந்த தெருக்களை ஜப்பானியர் "ஷட்டர் தெரு" என்று அழைக்கலாயினர்.

வடிவங்கள்

பொது முத்திரைத் திட்டம் பழைய வடிவங்களுள் ஒன்று. தோக்கியோவின் செதகயா வட்டத்தில் உள்ள கராசுயாமா கடைத்தெருவில் இது 1965 இல் தொடங்கியது. ஒரு கடையில் பெற்ற முத்திரையைச் சங்கத்தைச் சேர்ந்த வேறு கடையிலும் பயன்படுத்தலாம்.

யமகதா மாகாணத்தின் சின்ஜோ நகரில் 2004 இல் நூறு யென் கடைத்தெரு தொடங்கியது. குறிப்பிட்ட நாளில் தெரு முழுவதும் ஒரே நூறு யென் கடையாகக் கருதப்படும். ஒவ்வொரு கடையும் 100 யென் விலையுள்ள பொருட்களை வாசலில் பரப்பி வைக்கும். ஆனால் பணத்தைக் கடையின் உள்ளே சென்றே செலுத்த வேண்டும். திட்டத்தின் உயிர்நாடி இவ்விதியே. சிறு கடையில் நுழைந்தால் வாங்காமல் திரும்ப இயலாது என்னும் தயக்கம் பலருக்கு உண்டு. வாசலில் எடுத்த பொருள் அவர்களை உள்ளே அழைத்துச் செல்கிறது.

ஐச்சி மாகாணத்தின் ஒகசாகியில் 2003 இல் தோன்றிய மச்சிசெமி இதற்கு நேர்மாறானது. கடைக்காரரே ஆசிரியராகித் தம் தொழிலறிவைச் சிலருக்கு மட்டும் கட்டணமின்றிக் கற்பிப்பார்; செய்பொருட்களுக்கான செலவு மட்டும் சில வகுப்புகளில் பெறப்படும். எல்லா வகுப்புகளும் ஒரே துண்டறிக்கையில் அச்சிடப்படும். ஆகவே தேநீர் வகுப்பைத் தேடுபவர் அருகிலுள்ள மூக்குக்கண்ணாடிக் கடையின் வகுப்பையும் காண்பார். வகுப்பின்போது பொருள் விற்பது கூடாது. வணிகருக்கு இது கடினமான விதி எனினும், நம்பிக்கை பிறப்பது அதனாலேயே.

ஹக்கோதாத்தே நகரில் 2004 இல் தொடங்கிய மதுவகத் தெரு நிகழ்வில், ஐந்து சீட்டுகள் கொண்ட தொகுதியை வாங்குவோர் வரைபடத்தின் துணையுடன் வெவ்வேறு உணவகங்களுக்குச் செல்வர். ஒரு சீட்டுக்கு ஒரு பானமும் ஒரு சிற்றுணவும் கிடைக்கும்.

சிக்கல்கள்

நிகழ்வு நாளில் கூடும் கூட்டம் மறுநாள் வருவதில்லை என்பது பொதுவான குறை. உள்ளே வந்தவரிடம் பேசாத கடைக்காரருக்கு 100 யென்னுக்கு மேல் எதுவும் மிஞ்சாது. சந்தா செலுத்தாத கடைகளும் சங்கம் அமைத்த தெருவிளக்குகளின் பயனைப் பெறுவது மற்றொரு சிக்கல். பல ஊர்களில் நிறுவனத் தொடர் கடைகள் சங்கத்தில் சேரத் தயங்கின. செதகயா வட்டம் 2004 இல் தன் தொழில் மேம்பாட்டு விதிகளைத் திருத்தி, கடைகள் சங்கத்தில் சேர முயல வேண்டும் என்று குறிப்பிட்டது. இது கட்டாயம் அன்று. சேராதவருக்குத் தண்டனையும் இல்லை.