தெரியாத பாட்டைக் கேட்க வந்த ஊர்

போன வருசம் எங்கட பட்ச் பெடியள் நாலு பேர் ஒரு நகர விழா மேடையில ஏறினவை. கையில சொந்தப் பாட்டு அஞ்சு. ரெண்டாவது பாட்டு முடியேக்கையே சனத்துக்குள்ள இருந்து ஒரு குரல்: "தம்பி, தெரிஞ்ச பாட்டு ஒண்டைப் படியுங்கோவன்." கொஞ்ச நேரத்தில ஏற்பாட்டாளர் ஒருத்தரும் மேடைக்கரைக்கு வந்து அதையே சொன்னார். பெடியள் ஆளை ஆள் பார்த்துப்போட்டு ஒரு சினிமாப் பாட்டை எடுத்தாங்கள். நல்ல கைதட்டல். மிச்ச மூண்டு பாட்டும் ஆரும் கேக்காமலே வீட்டை திரும்பிச்சு.

குரல் குடுத்த அந்த ஐயாவில எனக்குக் கோபமில்லை. தெரியாத பாட்டைக் கேட்க ஆர்தான் இரவு நேரம் வீட்டைவிட்டு வெளிக்கிடுவினம்? ஆனா அப்படி வெளிக்கிட்ட ஒரு ஊர் இருக்குது. அந்த ஊர்ச் சனம் எப்பிடி அதுக்குப் பழகினது எண்டு அறியத்தான் இதை எழுதத் தொடங்கினன்.

பிரான்சின் மேற்கில், பிரித்தாஞ் பிரதேசத்தில் இருக்கிறது ரென் நகரம். சனத்தொகை ஏறத்தாழ 2 இலட்சம். பாரிஸோடு ஒப்பிட்டால் சின்ன ஊர், ஆனால் பல்கலைக்கழக மாணவர்கள் நிறைந்த ஊர். 1970களின் கடைசியில் லண்டனில் கிளம்பிய பங்க் அலை இங்கேயும் வந்து சேர்ந்தது. பெடியள் கிட்டார் வாங்கினார்கள், குழுக்கள் அமைத்தார்கள். பிரச்சினை எங்கே எண்டால், அந்தப் பாட்டுகளைக் கேட்பதற்கு வழியில்லை. பிரான்சில் வானொலி அப்போது அரசின் ஏகபோகம். எல்லைக்கு வெளியே கோபுரம் வைத்து ஒலிபரப்பிய சில பெரிய வணிக நிலையங்களும் இருந்தன. உள்ளூரில் தனியார் வானொலி நடத்த 1981 நவம்பரில்தான் சட்டம் இடம் கொடுத்தது. ஆகவே 1979இல் ஒரு ரென் நகரத்துக் குழுவை அந்த ஊர்க்காரரே கேட்கவேணுமெண்டால், அவர்கள் வாசிக்கும் இடத்துக்கு நேரே போகவேணும். வேறை வழி இல்லை.

அந்த இடத்தை உண்டாக்கினது ஒரு கடன். டெராப்பின் எண்ட பெயரில் சில இளைஞர்கள் ஒரு சங்கம் வைத்து, தங்களுக்குப் பிடித்த குழுக்களைக் கூப்பிட்டுக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார்கள். இரசனை நல்லது, கணக்குத்தான் சரிவரவில்லை. கடனை அடைக்க 1979 ஜூன் 14, 15ஆம் திகதிகளில் நகரின் சால் து லா சித்தே மண்டபத்தில் இரண்டு இரவு நிகழ்ச்சி வைத்தார்கள். வெளியூர்ப் பெரிய பெயர்களைக் கூப்பிடக் காசில்லை. ஆகவே மேடையேறியது பெரும்பாலும் உள்ளூர்க் குழுக்கள். ட்ரான்ஸ் மியூசிக்கால் எண்ட விழா இப்படித்தான் தொடங்கியது. ஜான் லூயி புரொஸார், பெயாத்ரிஸ் மாசே, எர்வே போர்தியே ஆகியோர் அதை முன்னின்று வளர்த்தவர்கள். பிறகு விழா டிசம்பர் மாதத்துக்கு மாறி, வருசாவருசம் நடக்கிற ஒன்றாகியது.

இந்த விழாவைப் பற்றி ஆரும் கதைச்சால் முதலில் வருவது நிர்வானாவின் கதை. 1991 டிசம்பர் 7ஆம் திகதி அந்தக் குழு ரென் மேடையில் வாசித்தது. அவர்களின் அந்த ஐரோப்பியப் பயணத்தின் கடைசிக் கச்சேரி அது. அடுத்த மாதமே அவர்களின் 'நெவர்மைண்ட்' அல்பம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. "உலகத்துக்கு முதல் ரென் கண்டுபிடிச்சது" எண்டு சொல்ல நல்ல வசதியான கதை. ஆனால் திகதிகளைப் பார்க்கவேணும். அந்த அல்பம் செப்டெம்பர் 24ஆம் திகதியே வெளிவந்துவிட்டது. டிசம்பரில் அவர்கள் ஆரும் அறியாத பெடியள் இல்லை. அந்த இரவு பெரியதுதான், ஆனால் அதைக் கண்டுபிடிப்பு எண்டு சொல்ல ஏலாது.

எனக்குப் பெரிதாகப் படுவது மார்க்கி து சாட் எண்ட குழுவின் கதை. 1977இல் ரென் நகரத்திலேயே உருவானது. பாடகர் பிலிப் பஸ்கால், கிட்டார் பிராங்க் தார்செல். 1979 விழாவில் வாசித்தார்கள். அதே வருசம் முதல் அல்பம், 1981இல் இரண்டாவது, அந்த வருசமே குழு உடைந்தது. கணக்குப் பார்த்தால் தோல்வி. ஆனால் அதே ஊரில் ஆங்கிலம் படித்த எத்தியன் தாஓ எண்ட மாணவன் இந்தக் குழுக்களைக் கேட்டு வளர்ந்து, தானும் இந்த விழாவின் ஆரம்பகால மேடை ஒன்றில் பாடத் தொடங்கினான். 1981இல் வந்த அவனுடைய முதல் அல்பத்தில் வாசித்தது மார்க்கி து சாட் ஆட்கள். பிறகு அவன் பிரெஞ்சுப் பொப் இசையின் பெரிய பெயர்களில் ஒருவன். ஒரு மேடையில் ஏறியவர்கள் அடுத்த ஆளுக்கு இசைக்கலைஞராகவும் நின்றார்கள். அந்த உடைந்த குழு 2017இல் அதே நகரத்தில் மீண்டும் மேடையேறியபோது, 36 வருசம் கழித்தும் கேட்க ஆட்கள் இருந்தார்கள். பஸ்கால் 2019இல் இறந்துபோனார்.

சரி, சனம் எப்படிப் பழகியது? வரலாற்றைப் பார்க்க எனக்குத் தெரிவது மூன்று விசயம். முதலாவது, விடாமல் நடத்தியது. போன வருசம் பெயர் தெரியாமல் கேட்ட குழுவில் ஒண்டு பிடித்துப்போனால், இந்த வருசமும் நம்பி வருவினம். ஆக்கள் நம்பினது விழாவின் தெரிவை, குழுவின் பெயரை இல்லை. இரண்டாவது, இடம். 1987இல் உபு எண்ட சின்ன இசையரங்கை அந்தச் சங்கம் பொறுப்பெடுத்தது. டிசம்பர் முடிஞ்சாலும் புதுக் குழுக்களுக்கு வருசம் முழுக்க ஒரு மேடை அதனால் இருந்தது. 2004இல் விழாவின் பெரிய பகுதி விமான நிலையத்துக்குப் பக்கத்துக் கண்காட்சி மண்டபங்களுக்குப் போனபிறகும் உபு நகருக்குள்ளேயே இருக்கிறது. மூன்றாவது, நகரசபையும் அரசும் கொடுத்த பொதுப்பணம். கடனில் தொடங்கியதை ரிக்கற் காசு மட்டும் வைத்து இத்தனை வருசம் இழுத்திருக்க ஏலாது.

இதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. இந்த மேடைகளில் ஏறியவர்களில் மிகப் பெரும்பாலானவர்களின் பெயர் இண்டைக்கு ஆருக்கும் தெரியாது. நிர்வானா, 1993இல் வந்த பியோர்க் எண்டு சில பெயர்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவினம். ஆனால் வருசாவருசம் அந்த மண்டபங்களை நிரப்பியது அந்த மற்றவர்கள்தான். அவர்கள் வாசித்தபடியால்தான் கேட்கிற பழக்கம் ஊரில் நிலைத்தது.

எங்கட பெடியளுக்கு இதைச் சொன்னன். ஒருத்தன் சிரிச்சுப்போட்டுக் கேட்டான்: "அப்ப நாங்களும் கடன்படவேணுமோ?" கடன் வேண்டாம். ஒவ்வொரு நகர விழாவிலும் அரை மணித்தியாலம் சொந்தப் பாட்டுக்கு மட்டும் ஒதுக்கினால் காணும். ஒரு வருசத்தில ஒண்டும் நடக்காது. ஆனா அஞ்சாம் வருசமும் அதே நேரம், அதே இடத்தில அது நடந்தால், அந்த ஐயா அப்பவும் முன்வரிசையில் இருப்பார் எண்டு நினைக்கிறன். அவர் என்ன கேப்பார் எண்டு அறிய எனக்கு ஆசை.