முற்றத்துக்கு வந்த பள்ளி

'பள்ளி' என்ற சொல்லுக்குப் படுக்கை, தங்குமிடம் என்பதே பழம்பொருள். சமண முனிவர் தங்கிய இடம் பள்ளி. நாடி வந்தவர்க்கு அங்கே எழுத்தும் சொல்லிக் கொடுத்ததால் பாடசாலைக்கும் அப்பெயர் வந்தது என்பர். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்த எனக்கு இதில் பெருமை உண்டு. ஆனால் நாடி வர முடியாத ஏழையின் பிள்ளைக்கு என்ன வழி? இதற்கான விடையை, நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணிலேயே இரண்டு பெண்மணிகள் கண்டார்கள்.

1920இல் கிஜுபாய் பதேகா பாவ்நகரில் சிறு குழந்தைகளுக்கென்று பாலமந்திர் தொடங்கினார். அவரோடு பணியாற்றியவர் தாராபாய் மோடக். மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வருமுன்பே அவருடைய முறை பாவ்நகரில் வேரூன்றிவிட்டது. ஆனால் அதற்கான சாமான்களின் விலை ஏழைக்கு எட்டாது.

1945இல் தாராபாய் கடலோரக் கிராமமான போர்டிக்கு (அன்றைய தாணே ஜில்லா, இன்றைய பால்கர்) வந்தார். அனுதாய் வாக் உடன் சேர்ந்தார். பாலவாடி திறந்தாகிவிட்டது, தலித் குடியிருப்புப் பிள்ளைகள் மட்டும் வரவில்லை. 'வரமாட்டேங்கிறாங்களே' என்று குறைப்பட்டுக்கொண்டு உட்காரவில்லை அவர்கள். அந்தக் குடியிருப்புக்கே போய், முற்றத்தில் வகுப்பு வைத்தார்கள். முற்றம் என்பதற்கு மராட்டியில் 'அங்கண்'. நம் 'அங்கணமும்' அதுவே. அங்கன்வாடி இப்படிப் பிறந்தது. முற்றத்தில் நடந்தால் தாயும் பாட்டியும் பார்ப்பார்கள், கேட்பார்கள். பேச்சு தானாக வளரும்.

பின்னர் கோஸ்பாட் குன்றில் வார்லிப் பழங்குடியினரிடையே பணி தொடர்ந்தது. அக்காள் படிக்கப் போனால் தம்பியை யார் தூக்குவது? அதனால் குழந்தைக் காப்பகம், பாலவாடி, தொடக்கப் பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் 'விகாஸ்வாடி' என்று சேர்த்து நடத்தினார்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் வெளியிலேயே பாடம். விலையுயர்ந்த சாமான்களுக்குப் பதில் கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை.

1975 அக்டோபர் 2இல், 33 வட்டாரங்களில், மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் மையங்களுக்கு அங்கன்வாடி என்ற பெயரே நிலைத்தது.

இதையெல்லாம் படித்தவன்தான் நான். படித்தும் புத்தி வரவில்லை! எவர்சில்வர் பாத்திர வியாபாரி நான். சில ஆண்டுகளுக்கு முன், கட்டட வேலைக்கு வந்திருந்த நம் பக்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, சிலேட்டு, தட்டு, தம்ளர் எல்லாம் வாங்கி வைத்தேன். மூன்று பிள்ளைகள் வந்தன. ஒரே மாதத்தில் அவையும் நின்றன. கோபத்தோடு போய்க் கேட்டேன்.

"பெரியவளை அனுப்பிட்டா கைக்குழந்தைய யாருங்க பாப்பாங்க? முன்னாடியே எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அய்யா" என்றார் ஒரு தாய்.

கோஸ்பாட் என்றோ விடை கண்ட கேள்வி! எனக்குத் தலை குனிந்தது.

அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானம் நான்கு என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். எதுவானாலும் பெறுகிறவரின் தேவை தெரிந்து கொடுக்க வேண்டுமல்லவா? சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு சிலேட்டு வாங்குமுன், ஒரு ஞாயிறு மாலை அந்தக் குடும்பங்களோடு பாயில் உட்கார்ந்து பேசுவோம். தூளி கட்ட இடமும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் அம்மாளும் வேண்டும் என்றுதான் முதலில் கேட்பார்கள் என நினைக்கிறேன். அப்படிக் கேட்டால், முதல் ஆண்டுச் செலவு என்னுடையது.