வராகன் மரம்

'கேஷ்' என்கிற ஆங்கிலச் சொல் நம்முடைய 'காசு'தான் என்று பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சொன்ன வாத்தியாருக்கு அதில் அவ்வளவு பெருமை, கேட்ட எங்களுக்கும்தான். பிறகு அகராதிகளைப் புரட்டியபோது சங்கதி வேறாக இருந்தது. கடையில் நாம் நீட்டும் 'கேஷ்', பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. நம் காசிலிருந்து போர்த்துக்கீசியர் வாய்வழி போனது வேறொரு 'கேஷ்': கிழக்கத்திய நாடுகளின் சில்லறை நாணயத்துக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்று, அவ்வளவுதான்.

சரி, பெருமை போகட்டும். செல்வத்துக்கும் வெற்றிக்கும் ஆங்கிலேயர் தம் கொச்சையில் புழங்கிய சொற்களில் சில உண்மையிலேயே இந்தப் பக்கத்திலிருந்து போனவை. அவை எதைச் சுமந்துகொண்டு போயின, போகிற வழியில் எதை உதிர்த்தன என்பதே என் கேள்வி.

'லூட்' என்பது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்த இந்துஸ்தானிச் சொல். கொள்ளைப்பொருள் என்ற அர்த்தத்தில் பட்டாளத்துக்காரர்களிடம் புழங்கி, 20ஆம் நூற்றாண்டுக் கொச்சையில் வெறும் 'பணம்' என்றாகிவிட்டது. 'நபாப்' என்பது நம் 'நவாப்'. கிழக்கே போய்ப் பெரும்பணக்காரனாகத் திரும்பிய வெள்ளைக்காரனுக்கு லண்டனில் வழங்கிய பட்டப்பெயர். 1772இல் சாமுவேல் ஃபூட் இதே தலைப்பில் ஒரு நாடகம் போட்டார். எடுத்தவன் என்பதைவிட, நேற்று முளைத்தவன் நம் பக்கத்தில் உட்காருகிறானே, பாராளுமன்ற இடத்தை விலைக்கு வாங்குகிறானே என்ற எரிச்சல்தான் பரம்பரை நிலப்பிரபுக்களின் கேலியில் மேலோங்கியிருந்தது. ஆக, கேலிக்குள்ளும் ஒரு வர்க்கம் இருந்தது.

மூன்றாவது சொல்தான் என்னை நிறுத்தியது: 'பகோடா மரத்தை உலுக்குவது'. தின்கிற பக்கோடா இல்லை. தெய்வ உருவம் பொறித்த வராகனை ஐரோப்பியர் பகோடா என்றார்கள். சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இந்தியாவுக்குப் போய்ச் சீக்கிரமாகப் பணம் பண்ணுவதற்கு இந்த வழக்கு. வங்காளத்தில் ஓடியது ரூபாய். வராகன் தெற்கின் நாணயம். மரம் நின்ற மண் எது என்பதைச் சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

உலுக்கியவர்களில் ஒருவர் தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையின் கவர்னர். இங்கே 48,000 வராகனுக்கு வாங்கிய வைரத்தை 1717இல் பிரான்சின் ரீஜண்டுக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். ஊர் அவரை 'வைர பிட்' என்றது. அந்தக் கல் இன்று பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொருவர் பால் பென்ஃபீல்ட். கம்பெனியில் சொற்பச் சம்பளக்காரர். ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குக் கடும் வட்டிக்குக் கடன் கொடுத்த கும்பலில் முக்கியமானவர். கடனுக்கு ஈடு நிலவரி. 1773இல் கம்பெனிப் படை தஞ்சாவூரைப் பிடித்து நவாபிடம் கொடுத்தது. 1776இல் கவர்னர் பிகாட் அதை மராத்திய அரசர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோது, தஞ்சாவூரின் விளைச்சல் தன் கடனுக்கு ஈடு என்று பென்ஃபீல்ட் வந்து நின்றார். அந்தத் தகராறு முற்றி, கவர்னரை அவருடைய சபையே கைது செய்தது. 1777இல் பிகாட் காவலிலேயே செத்துப்போனார்.

ஆக, மரம் எது என்று இப்போது தெரிகிறது. வயலில் நின்ற நெல்தான் அது. உழுதவன், நாற்று நட்டவள், வரி கட்டியவன் எல்லாரும் இருந்தார்கள். 'மரம்' என்று சொன்ன மாத்திரத்தில் அவர்கள் காணாமல் போகிறார்கள். காசு தானாகக் காய்க்கிறது, கெட்டிக்காரன் உலுக்குகிறான், அவ்வளவுதான். பறித்தல் இயற்கையாகிவிடுகிறது. கொச்சைச் சொல் அப்பாவித்தனமானது அல்ல. அதிகாரம் தன்னைத் தமாஷாகப் பேசிக்கொள்ளும் இடம் அது.

1785 பிப்ரவரி 28இல் எட்மண்ட் பர்க் இந்த ஆற்காட்டுக் கடன் மோசடியைப் பாராளுமன்றத்தில் கிழித்தெறிந்தார். அரசாங்கம் அசையவில்லை. விசாரணை இல்லாமலேயே கர்நாடகத்தின் வருவாயிலிருந்து கடன் அடைக்கப்பட்டது. அப்போதைய பிரதமர் இளைய வில்லியம் பிட். 'வைர பிட்'டின் கொள்ளுப்பேரன்!

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "எல்லாம் அவன்தான் தின்னானா? கீழே நம்ம ஆளு கூடை வச்சிக்கிட்டு நிக்கலியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. துபாஷிகள் நின்றார்கள். பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். துபாஷியாக அவர் சேர்த்த சொத்தின் தர்மத்தில் எழுந்த கல்லூரியில் இன்றும் ஏழைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தப் பணத்தின் ஊற்று எது என்று கேட்பது தர்மத்தைக் கொச்சைப்படுத்துவதாகாது. வரலாறு என்றால் அதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

எதிர்த்திசையில் வந்த சொல் ஒன்றும் உண்டு. நாம் சொல்லும் 'துட்டு', டச்சுக் கம்பெனியின் 'டொய்ட்' என்ற செப்புக்காசு. அதே காசு ஆங்கிலத்துக்குள் போய், ஒன்றுக்கும் ஆகாத அற்பத் தொகை என்ற பொருளில் நின்றது. அவர்களுக்கு அற்பமாகத் தெரிந்த செப்புக்காசு நமக்குப் பணத்துக்கே பெயராயிற்று. வராகன் கப்பலேறியது, துட்டு இங்கே தங்கியது.

'பகோடா மரம்' என்ற வழக்கைப் பதிந்துவைத்திருப்பது 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஏ.சி. பர்னல். இந்தியாவைவிட இங்கிலாந்தில்தான் இந்த வழக்கு அதிகம் புழங்கியது என்கிறது அகராதி. உலுக்கப்பட்ட இடத்தில் அதற்கு என்ன பெயர் இருந்தது என்று அதில் இல்லை. பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். கோர்ட்டுக்குப் போகிற வழியில் அவர் அந்த நெல்லைப் பார்த்திருப்பார்.