செஞ்சிக் கோட்டையும் சேஃப்டி ஆபீசர் சம்பளமும்

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் ராஜா தேசிங்குதான் ஞாபகத்துக்கு வருவார். அவருக்குப் பின்னால் நடந்த ஒரு சோகம் பலருக்குத் தெரியாது!

1750-ல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பிய வீரர்களுக்கு மேல் அங்கே வைத்ததில்லையாம். ஆனாலும் அந்தப் பத்து வருடத்தில் 1200 பேர் இறந்ததாகச் சொல்லப்பட்டதை வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதி வைத்திருக்கிறார். கர்நாடகப் பகுதியிலேயே உடம்புக்கு ஆகாத இடம் செஞ்சிதான் என்பது அன்றைய பேச்சு.

வேலை செய்யும் இடமே ஆளைக் கொல்லாமல் பார்த்துக்கொள்ள இன்று தனி அதிகாரி உண்டு. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தது. பாதுகாப்பு அலுவலர் பதவி சட்டத்தில் நுழைந்ததோ 1976 திருத்தத்தில்தான். அப்போது 1000 தொழிலாளர் உள்ள ஆலைகளுக்கு என்று இருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அது 500 ஆனது. ஆபத்தான ஆலைகளுக்கு 250.

சரி, சம்பளம் எவ்வளவு? மகாராஷ்டிரத்தின் 1982 விதிகள் தொகை எதையும் குறிக்கவில்லை. அதே ஆலையில் சம அந்தஸ்துள்ள மற்ற அதிகாரிகளுக்கு என்ன சம்பளமோ, படியோ, அதுவே இவருக்கும் என்கின்றன.

ஏன் தெரியுமா? சம்பளம் கொடுப்பவர் முதலாளி. இவர் நிறுத்தச் சொல்ல வேண்டியது அதே முதலாளியின் இயந்திரத்தை! உற்பத்தி மேலாளரைவிடக் கீழே உட்கார வைத்தால் இவர் பேச்சை யார் கேட்பார்கள்? யோசித்துப் பாருங்கள்.