கட்டுமான நிறுவனங்களும் எரிபொருள் அட்டையும்: பிரிட்டனில் கிடைப்பது என்ன, கழிவது என்ன?

பிரிட்டனின் கட்டுமானத் துறை பல ஆண்டுகளாக நம்பியிருந்த ஒரு வரிச்சலுகை 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. அகழ் இயந்திரங்கள், டம்பர்கள், மின்னாக்கிகள் போன்றவற்றுக்குக் குறைந்த தீர்வையுடன் விற்கப்பட்டுவந்த, சாயமிட்ட 'சிவப்பு டீசலை' இத்துறையினர் பயன்படுத்துவதற்கு அன்று தடை விதிக்கப்பட்டது. விவசாயம், ரயில்வே உள்ளிட்ட சில துறைகளுக்கு மாத்திரமே சலுகை நீடித்தது.

தடை நடைமுறைக்கு வந்த நாளில் சிவப்பு டீசலுக்கான தீர்வை லிட்டருக்கு 10.18 பென்ஸ், சாதாரண வெள்ளை டீசலுக்கு 52.95 பென்ஸ். அதாவது ஆயிரம் லிட்டருக்கு 427 பவுண்ட் 70 பென்ஸ் கூடுதல் தீர்வை. அதுவரை ஓரமாகக் கிடந்த எரிபொருள் கணக்கை, சிறு ஒப்பந்தக்காரர்களும் கூர்ந்து பார்க்கவேண்டிய நிலையை இது உருவாக்கியது. வர்த்தக எரிபொருள் அட்டைகளின் பயனும் இந்தப் பின்னணியிலேயே மதிப்பிடப்பட வேண்டும்.

சாயம் போனதால் வந்த சிக்கல்

விலையேற்றம் மட்டுமே பிரச்சினை அல்ல. சிவப்பு டீசலைத் திருடிச் சாலை வாகனத்தில் ஊற்றினால் தொட்டியில் சாயம் தங்கிவிடும். வரித்துறையினரின் சோதனையில் சிக்கினால் வாகனமே பறிபோகலாம். வெள்ளை டீசலில் அந்தச் சாட்சி இல்லை. கட்டுமானத் தளத்துத் தொட்டியில் இருப்பதும் வெளியே நிற்கும் வேனில் இருப்பதும் இப்போது ஒரே திரவம். யார், எப்போது, எவ்வளவு எடுத்தார் என்ற பதிவு ஒன்றே மிஞ்சியிருக்கும் காவல்.

எரிபொருள் அட்டை அந்தப் பதிவைத் தருகிறது. அட்டை ஒரு வாகனத்தின் பதிவெண்ணுக்கோ ஓர் ஓட்டுநரின் பெயருக்கோ வழங்கப்படுகிறது. இரகசிய எண்ணுடன், வாகனம் ஓடிய மைல் கணக்கையும் நிரப்பும்போது கொடுக்கும்படி நிறுவனம் விதிக்கலாம். டீசல் மட்டும், ஒரு நாளில் இத்தனை லிட்டர் மட்டும் என்று வரம்பிடவும் முடியும். அறுபது லிட்டர் கொள்ளும் தொட்டியுள்ள வேனுக்கு எண்பது லிட்டர் நிரப்பப்பட்டதாகப் பட்டியல் காட்டினால், கேள்வி கேட்க அலுவலகத்திடம் ஆதாரம் இருக்கிறது.

இரண்டாவது பயன் வரி தொடர்பானது. எரிபொருள் விலையில் 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கிறது. ஒரு வேனுக்கு 96 பவுண்டுக்கு டீசல் நிரப்பினால் அதில் 16 பவுண்ட் வரி. தொழில் தேவைக்கான எரிபொருள் என்றால் பதிவுபெற்ற நிறுவனம் அதனைத் திரும்பப் பெறலாம். ஆனால் உரிய பற்றுச்சீட்டு வேண்டும். வேனின் முன்கண்ணாடி அடியில் தேநீர்க் கறையுடன் கிடந்து காணாமற்போகும் சீட்டு ஒவ்வொன்றும் இழந்த பணம். அட்டை நிறுவனம் அனுப்பும் ஒரே விலைப்பட்டியல் அந்தச் சீட்டுகள் அத்தனைக்கும் ஈடாகிறது. ஆனால் மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்யாத மிகச் சிறு நிறுவனங்களுக்கும், மொத்த வருவாயில் ஒரு நிலையான விகிதத்தைச் செலுத்தும் திட்டத்தில் இருப்போருக்கும் இந்தப் பயன் கிடையாது. விற்பனையாளர்கள் இதனை அழுத்திச் சொல்வது அரிது.

தொழிலாளி தன் கைப்பணத்தில் டீசல் நிரப்பிவிட்டு மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் சிறிய விஷயமல்ல. அட்டைக் கடனுக்கான தவணை பெரும்பாலும் ஓரிரு வாரங்களே என்பதால், வாடிக்கையாளரிடமிருந்து பணம் வரத் தாமதமாகும் ஒப்பந்தக்காரருக்கு அது பெரிய நிவாரணம் ஆகாது.

இருவகை விலை

அட்டைகளில் முக்கியமாக இரு வகை உண்டு. ஒன்றில் நிலையத்தில் எழுதியிருக்கும் விலையே அறவிடப்படும். மற்றதில் வாரத்திற்கு ஒரு விலை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, வலையமைப்பிலுள்ள நிலையங்களில் அதே விலை பொருந்தும். விலை மிக அதிகமான நெடுஞ்சாலை நிலையங்களில் இரண்டாவது வகை இலாபகரமானது. ஆனால் அருகில் மலிவான பேரங்காடி நிலையம் இருக்கும் ஊரில் வேலை செய்பவருக்கு அதுவே நட்டமாகலாம். அட்டை செல்லுபடியாகும் நிலையத்தைத் தேடிப் பத்து மைல் சுற்றினால் சேமிப்பு சாலையிலேயே கரைந்துவிடும்.

பிரிட்டனில் பெட்ரோல் நிலையங்களை நடத்துவோரிலும் அங்கு பணியாற்றுவோரிலும் இலங்கைத் தமிழர் பலர் உள்ளனர். நிர்ணய விலை அட்டைக்கு விற்கும் எரிபொருளில் நிலையத்துக்கு வழக்கமான சில்லறை இலாபம் கிடைப்பதில்லை. லிட்டருக்கு இவ்வளவு என்ற கையாளும் கூலியே கிடைக்கும். ஆகவே எல்லா நிலையங்களும் எல்லா அட்டைகளையும் வரவேற்பதில்லை.

மறைந்திருக்கும் கட்டணங்கள்

லிட்டருக்குச் சில பென்ஸ் குறையும் என்ற விளம்பரத்தின் மறுபக்கத்தில் மாதாந்த அட்டைக் கட்டணம், பரிமாற்றக் கட்டணம், தாமதக் கட்டணம் ஆகியன இருக்கலாம். இது வெறும் சந்தேகம் அல்ல. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2019 டிசம்பரில் ஃப்ளீட்கோர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. வாக்களித்த சேமிப்பு கிடைக்கவில்லை, 'எரிபொருளுக்கு மட்டும்' என்று விற்ற அட்டைகளில் வேறு பொருட்களும் வாங்க முடிந்தது, சொல்லாத கட்டணங்கள் அறவிடப்பட்டன என்பன குற்றச்சாட்டுகள். 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் ஆணையத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அந்நிறுவனம் 2024இல் கோர்பே எனப் பெயர் மாறியது. வழக்கு அமெரிக்க வாடிக்கையாளர் தொடர்பானது என்றாலும், ஒப்பந்தத்தின் கட்டணப் பக்கத்தைக் கையெழுத்திடும் முன் வாசிக்க வேண்டியதன் காரணம் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

கட்டுமானத் துறைக்கே உரிய ஒரு குறையும் உண்டு. அகழ் இயந்திரம் பெட்ரோல் நிலையத்துக்குப் போகாது. பெரிய தளங்களுக்கு பவுசரில் வரும் மொத்த விநியோகமே வழி. அங்கு அட்டையைவிடத் தொட்டியில் பொருத்தும் அளவுமானியே உதவும். சிறு மின்னாக்கிக்காகக் கலன்களில் டீசல் வாங்கும்போது மைல் கணக்கு என்ற சரிபார்ப்பும் பயனற்றுப் போகிறது. வேன் அட்டையில் அதையும் சேர்த்தால் இரு கணக்கும் குழம்பும். எனவே இயந்திரங்களுக்கெனத் தனி அட்டை வைப்பதே நல்லது.

ஆட்கள் அடிக்கடி மாறும் தொழில் இது. உபஒப்பந்தக்காரர் ஒருவர் வேலையை விட்டுச் செல்லும் அதே நாளில் அவரது அட்டையை முடக்காவிட்டால், முறைப்பாடு பதிவாகும் வரையிலான செலவு பொதுவாக நிறுவனத்தின் கணக்கிலேயே விழும்.