ஸ்பானிய மொழிபெயர்ப்புக் கல்வி: டொலேடோ முதல் முதுகலை வரை

ஸ்பெயினில் மொழிபெயர்ப்பு மிகப் பழைய தொழில். அதற்கெனப் பல்கலைக்கழகப் படிப்பு தோன்றியதோ 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

1085-ல் ஆறாம் அல்ஃபோன்சோ டொலேடோவைக் கைப்பற்றியபோது, அந்நகரின் அரபு நூல்கள் கிறித்தவ அறிஞர்களுக்குக் கிடைத்தன. 12-ஆம் நூற்றாண்டில் அங்கே மொழிபெயர்ப்பை இருவர் சேர்ந்தே செய்வது உண்டு. அரபு அறிந்தவர் மூலத்தைப் படித்து, மக்கள் பேசும் மொழியில் வாய்மொழியாகச் சொல்வார். மற்றவர் அதைக் கேட்டு லத்தீனில் எழுதுவார். இப்னு சீனாவின் ஆன்மா பற்றிய நூலை யூத அறிஞர் அவென்தௌத்தும் குண்டிசால்வோவும் இவ்வாறே மொழிபெயர்த்தனர். இடையில் நின்ற பேச்சுமொழி ஏட்டில் ஏறவில்லை. தாலமியின் வானியல் நூலான அல்மஜெஸ்டைத் தேடி இத்தாலியிலிருந்து வந்த கிரெமோனாவின் ஜெரார்ட், 1187-ல் இறப்பதற்குள் எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவந்தார். இதனை 'டொலேடோ மொழிபெயர்ப்புப் பள்ளி' என்பது வழக்கம். ஆனால் வகுப்பும் தேர்வும் கொண்ட பள்ளி எதுவும் அங்கு இருந்ததாகக் கொள்ள முடியாது.

பத்தாம் அல்ஃபோன்சோ (ஆட்சி 1252–1284) இம்முறையை மாற்றினார். அவர் காலத்தில் பேச்சுமொழியான காஸ்டிலியனே இலக்கு மொழியாயிற்று. இன்றைய ஸ்பானியம் அறிவியலும் சட்டமும் எழுதத்தக்க உரைநடையைப் பெற்றதில் இம்மொழிபெயர்ப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. அவர் இளவரசராக இருந்தபோதே, 1251-ல், 'கலீலா வ திம்னா' அரபிலிருந்து காஸ்டிலியனுக்கு வந்தது. அது நம் பஞ்சதந்திரக் கதைகளின் வழிவந்த நூல்.

1527-ல் மன்னர் முதலாம் கார்லோஸ் அரசு ஆவணங்களை மொழிபெயர்க்கத் தனிச் செயலகம் ஏற்படுத்தினார். அதன் வழிவந்த அலுவலகமே இன்றும் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் சான்றுறுதி மொழிபெயர்ப்பாளர்களை நியமிக்கிறது.

பல்கலைக்கழகம் இத்துறையில் கால் வைத்தது 1972-ல், பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில். 1979-ல் கிரனடாவில் மற்றொரு பள்ளி தொடங்கியது. இவை வழங்கியது மூன்றாண்டுப் பட்டயமே. இதில்தான் சிக்கல் இருந்தது: அதைக் கொண்டு முனைவர் பட்ட ஆய்வில் சேர முடியாது. ஆய்வு செய்ய விரும்பியவர் மொழியியலிலோ இலக்கியத்திலோ வேறொரு முழுப் பட்டம் பெற வேண்டும். இரு மொழி தெரிந்தால் மொழிபெயர்த்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு இந்த ஏற்பாடும் துணைபோயிற்று. 1991-ஆம் ஆண்டு அரச ஆணை 'மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும்' என்ற முழுப் பட்டத்தை உருவாக்கிய பிறகே இத்துறை பிற துறைகளுக்குச் சமமானது.

2007-ஆம் ஆண்டு ஆணை, ஐரோப்பிய நாடுகளின் பொது அமைப்பையொட்டி இளநிலையையும் முதுகலையையும் பிரித்தது. முதுகலைக்கு 60 முதல் 120 வரை கிரெடிட். இறுதியில் ஆய்வேடு கட்டாயம். சட்டம், மருத்துவம், இலக்கியம், திரைப்பட வசனம் எனச் சிறப்புப் பிரிவுகள் பெரும்பாலும் இந்நிலையிலேயே அமைகின்றன.

டொலேடோவுக்குப் பெயரளவில் இருந்த பள்ளி, 1994-ல் உண்மையிலேயே வந்தது. காஸ்டில்லா-லா மன்சா பல்கலைக்கழகம் அந்நகரில் தொடங்கிய மொழிபெயர்ப்பாளர் பள்ளி, அரபு, எபிரேய மொழிகளிலிருந்து ஸ்பானியத்துக்கு மொழிபெயர்ப்போரைப் பயிற்றுவிக்கிறது.